ஊர் வாங்கும் கடன், ஊரார் படிக்க வேண்டிய கணக்கு: நகராட்சிப் பத்திரங்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

பாம்பன், மண்டபம் கரைகளில் படகு வைத்திருப்பவர்களுக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது புதிய செய்தியன்று. வலை வாங்கவோ இயந்திரத்தைப் பழுது பார்க்கவோ ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, பிடிபடும் மீனை அவருக்கே கொடுத்துக் கழித்துக்கொள்வது அந்த ஏற்பாடு. இந்தக் கடனுக்குப் பெரிய ஆவணம் எதுவும் எழுதப்படுவதில்லை. பணம் கொடுத்தவர் விடியற்காலையில் கரையிலேயே நிற்பதால் அதற்குத் தேவையும் எழுவதில்லை. எத்தனை பெட்டி இறங்கியது, அதில் இறால் எவ்வளவு, கழிவு மீன் எவ்வளவு, படகு எத்தனை நாள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடந்தது என்பதெல்லாம் அவர் கண்முன்னே நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகிலிருந்து தவணை வராது என்பதை யாரும் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியதில்லை.

இதே கரையில் உள்ள ஒரு நகராட்சி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்காகச் சந்தையில் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பத்திரத்தை வாங்குபவர் மும்பையில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனமாகவோ ஓய்வூதிய நிதியமாகவோ இருப்பார். அவர் ராமேசுவரத்துக்குச் சாமி கும்பிடக்கூட வந்திராதவராக இருக்கலாம். அந்த ஊரில் சொத்து வரி ஒழுங்காக வசூலாகிறதா, நிலையத்தின் கட்டுமானம் பாதியில் நிற்கிறதா, குழாய்களை உப்பு அரித்துவிட்டதா என்று அவர் எட்டிப் பார்க்க வழியில்லை. கரையில் நிற்க முடியாத அந்தக் கடன் கொடுத்தவருக்காக, கரையில் நடப்பதை எழுதி அனுப்பும் ஏற்பாடுதான் நகராட்சிப் பத்திரங்களுக்கான பொது அறிக்கைக் கடமை. அதன் மீதி எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து கிளைத்தவைதாம்.

ஆனால், எழுதி அனுப்பப்படும் அந்தக் காகிதங்கள் இரகசியக் கடிதங்கள் அல்ல, பொது ஆவணங்கள். மும்பையில் இருப்பவர் படிக்கும் அதே பக்கத்தை மண்டபத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவரும் படிக்கலாம். கடன் கொடுத்தவரைவிட அதைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கே அதிகம் என்பது என் கருத்து. அந்தக் கடனை வரியாகவும் குடிநீர்க் கட்டணமாகவும் பல ஆண்டுகள் கட்டப்போகிறவர் அவர்தாம்.

பத்திரம் என்றால் என்ன

கூட்டமாகப் பல பேரிடம் ஒரே நிபந்தனையில் வாங்கும் கடனுக்கான எழுத்துறுதியே கடன் பத்திரம். வங்கியில் கடன் வாங்கினால் கடன் கொடுத்தவர் ஒருவர். அவர் தமக்கு வேண்டிய கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பத்திரத்தில் கடன் கொடுத்தவர்கள் பலர். இன்று ஒருவர் கையில் இருப்பது நாளை சந்தையில் இன்னொருவர் கைக்கு மாறலாம். ஆகவே யாருக்கோ தனியாகச் சொல்வது போதாது. பொதுவில் வைத்தாக வேண்டும்.

நகராட்சிப் பத்திரங்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, மாநிலத்தின் நிதிப் பகிர்வு என மொத்த வருவாயையும் பொறுப்பாக வைத்து வாங்குவது பொதுப்பொறுப்புப் பத்திரம். குறிப்பிட்ட ஒரு திட்டத்திலிருந்து வரும் வசூலை மட்டும் ஈடாக வைப்பது வருவாய்ப் பத்திரம். மதுரை மாநகராட்சி 2001-ல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது, அச்சாலையில் வசூலாகும் சுங்கம் அதற்கு ஆதாரமாக இருந்தது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், அறிக்கையில் எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்பது தானாகத் தெரியும். முதல் வகையில் ஊரின் முழு வரவு செலவையும் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையில், சுங்கச் சாவடியில் எத்தனை வண்டி கடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு நீண்ட வரலாறு இல்லை. பெங்களூரு மாநகராட்சி 1997-ல் மாநில அரசின் உத்தரவாதத்துடன் 125 கோடி ரூபாய் திரட்டியது. அடுத்த ஆண்டே, 1998-ல், அகமதாபாத் மாநகராட்சி எந்த அரசு உத்தரவாதமும் இல்லாமல் தன் கணக்கை மட்டும் காட்டி 100 கோடி ரூபாய் திரட்டியது. உத்தரவாதம் இருக்கும்போது கடன் கொடுப்பவர் மாநில அரசின் முகத்தைப் பார்க்கிறார். அது இல்லாதபோது நகராட்சியின் பேரேட்டைப் பார்க்கிறார். அறிக்கைக் கடமை என்பது இந்த இரண்டாவது நிலையில்தான் உயிர் பெறுகிறது.

நான்கு எண்கள்

வெளிப்படுத்த வேண்டியவை ஏராளம் என்றாலும், தொடக்கநிலை வாசகர் ஒருவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைத்தான் காட்டுவேன். அங்கே 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டத்தின்படி, ஓர் உள்ளாட்சி அமைப்பு பத்திரம் வெளியிட ஒப்புதல் அளிப்பதற்கு முன்பாக, பொதுக் கூட்டத்தில் நான்கு எண்களை மதிப்பீடாக அறிவிக்க வேண்டும். கடனின் உண்மையான வட்டிச் செலவு, வெளியீட்டுக்காகப் பிறருக்குக் கொடுக்கும் செலவு, அவை போகத் திட்டத்துக்குக் கையில் கிடைக்கும் தொகை, கடைசித் தவணை வரை கட்டப்போகும் மொத்தத் தொகை ஆகியவையே அந்த நான்கும்.

இவற்றை நம் கரைக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனையான ஒரு கடற்கரை நகராட்சி 10 கோடி ரூபாய்க்கு, 8 சதவீத வட்டியில், 10 ஆண்டுப் பத்திரம் வெளியிடுகிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அசலில் ஒரு கோடியும் மீதி அசலுக்கான வட்டியும் கட்டுவதாக நிபந்தனை. முதல் ஆண்டு வட்டி 80 இலட்சம், இரண்டாம் ஆண்டு 72 இலட்சம் என்று இறங்கிக்கொண்டே வந்து கடைசி ஆண்டில் 8 இலட்சமாகும். பத்தாண்டு வட்டியையும் கூட்டினால் 4 கோடியே 40 இலட்சம். ஆக, ஊர் கட்டப்போவது மொத்தம் 14 கோடியே 40 இலட்சம்.

இனிக் கையில் கிடைப்பதைப் பார்ப்போம். வெளியீட்டு ஆலோசகர், வழக்கறிஞர், கடனைத் திருப்பிக் கட்டும் திறனை எடைபோட்டுத் தரம் சொல்லும் கடன்தர மதிப்பீட்டு நிறுவனம், பங்குச் சந்தைக் கட்டணம் என்று 20 இலட்சம் போனதாகக் கொள்வோம். ஏதாவது ஓர் ஆண்டு தவணை தவறிவிடக்கூடாது என்பதற்காக ஒரு கோடியைக் கையிருப்பு நிதியாக ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். இவை போகக் கட்டுமானத்துக்குக் கிடைப்பது 8 கோடியே 80 இலட்சம்தான். கையிருப்பு நிதி கடைசித் தவணைக்கு உதவும் என்பதால் அதை நட்டமாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் வெளியீட்டுச் செலவான 20 இலட்சம் திரும்பி வராது. அதையும் கடனின் விலையில் சேர்த்துக் கணக்கிட்டால், 8 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்த வட்டி உண்மையில் ஏறத்தாழ 8.5 சதவீதமாகிவிடுகிறது.

"பத்துக் கோடியில் சுத்திகரிப்பு நிலையம்" என்று சுவரொட்டியில் படிப்பவருக்கும், 8.5, 20 இலட்சம், 8.80 கோடி, 14.40 கோடி என்று நான்கு எண்களையும் படிப்பவருக்கும் ஒரே திட்டம் இரண்டு விதமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஏலச்சீட்டு போடும் பெண்கள் இந்தக் கணக்கை மனக்கணக்காகவே போடுவார்கள். தள்ளி எடுத்தது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, இனிக் கட்ட வேண்டியது எத்தனை மாதம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். நகராட்சித் தீர்மானப் புத்தகத்தில் மட்டும் அந்தக் கணக்கு முழுமையாக எழுதப்படுவதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வெளியிடும்போது சொல்வது, வெளியிட்ட பிறகு சொல்வது

அறிக்கைக் கடமையை இரண்டு பருவங்களாகப் பார்க்கலாம். பத்திரத்தை விற்கும் நாளில் கொடுப்பது வெளியீட்டு ஆவணம். நகராட்சியின் கடந்த சில ஆண்டுக் கணக்குகள், ஏற்கெனவே உள்ள கடன்கள், நடந்துகொண்டிருக்கும் வழக்குகள், பணத்தை எதற்குச் செலவழிக்கப் போகிறார்கள், எந்த வருவாயிலிருந்து திருப்பிக் கட்டுவார்கள், என்னென்ன இடர்கள் வரலாம் என்பவை அதில் இடம்பெறும். இது பெண் பார்க்கும் நாளில் வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டு வைப்பதைப் போன்றது. உண்மைதான் காட்டப்படுகிறது, ஆனாலும் அன்றைக்கு மட்டும் காட்டினால் போதாது. பத்திரம் 10 ஆண்டோ 15 ஆண்டோ உயிரோடு இருக்கும். அத்தனை ஆண்டும் வீடு எப்படி இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஆகவே இரண்டாவது பருவம், அதாவது தொடர் வெளிப்படுத்தல், முதல் பருவத்தைவிட முக்கியமானது. நடைமுறையில் தேங்கிப்போவதும் அதுதான்.

தொடர் வெளிப்படுத்தலிலும் இரண்டு உண்டு. ஒன்று, காலக்கெடு வைத்துத் தரும் கணக்கு: ஆண்டுக் கணக்கு, அரையாண்டுக் கணக்கு. மற்றொன்று, ஏதேனும் நடந்துவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டிய நிகழ்வு அறிவிப்பு. தவணை தவறியது, கடன்தர மதிப்பீடு குறைந்தது, கையிருப்பு நிதியில் கைவைக்க நேர்ந்தது போன்றவை ஆண்டு முடியும் வரை காத்திருக்கக் கூடாதவை.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதை அறிய மீண்டும் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே தனியார் நிறுவனங்கள் பங்கோ பத்திரமோ வெளியிடும்போது பதிவு செய்ய வேண்டும் என்று 1933-ல் சட்டம் வந்தது. நகராட்சிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மாநிலங்களின் உள்விவகாரத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பதும், நகராட்சி ஏமாற்றாது என்ற நம்பிக்கையும் அதற்குப் பின்னால் இருந்தன. 1983-ல் வாஷிங்டன் மாநிலத்தில் அணுமின் நிலையங்கள் கட்டுவதற்காகப் பத்திரம் வெளியிட்ட ஒரு பொது மின்வழங்கல் அமைப்பு, இரண்டு நிலையங்களைப் பாதியில் கைவிட்டு, 225 கோடி டாலர் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது. அது குறித்துப் பங்குச் சந்தை ஆணையத்தின் அலுவலர்கள் 1988-ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1989-ல் "15சி2-12" என்ற விதி பிறந்தது.

அந்த விதியின் கட்டமைப்பு வியக்கத்தக்கது. நகராட்சியை நேரடியாகக் கட்டாயப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. 1975-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம் அதைத் தடுத்திருந்தது. எனவே ஆணையம், பத்திரத்தை மொத்தமாக வாங்கிச் சந்தையில் விற்கும் இடைநிறுவனத்தின் கையைப் பிடித்தது. "பத்து இலட்சம் டாலரோ அதற்கு மேலோ உள்ள வெளியீட்டை நீ விற்க வேண்டுமானால், அந்த நகராட்சியின் வெளியீட்டு ஆவணத்தை நீ வாங்கிப் படித்திருக்க வேண்டும்" என்றது. 1994 நவம்பரில் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம், ஆண்டுதோறும் கணக்கும் முக்கிய நிகழ்வுகளின் அறிவிப்பும் தருவதாக நகராட்சி எழுதிக்கொடுத்திருந்தால்தான் விற்கலாம் என்றும் சேர்த்தது. அந்தத் திருத்தத்தின் மை காய்வதற்குள், அதே ஆண்டு டிசம்பரில், கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகம், தன் பொருளாளர் கடன் வாங்கி வட்டி விகிதத்தின்மீது கட்டிய பந்தயத்தில் 160 கோடி டாலருக்கு மேல் இழந்து திவால் மனு கொடுத்தது.

இன்று அங்கே அறிவிக்க வேண்டிய நிகழ்வுகளின் பட்டியலில் 16 இனங்கள் உள்ளன. கடைசி இரண்டு 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தன. நடந்த 10 அலுவல் நாள்களுக்குள் அறிவித்தாக வேண்டும். எல்லா அறிவிப்புகளும் 'எம்மா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே இணையதளத்தில், யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஆயிரம் ஊர்களின் அலுவலக அலமாரிகளில் அறிக்கை இருப்பதும், ஒரே இடத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே உதாரணங்கள் இருக்கின்றன. பதிவிலிருந்து விலக்கு இருந்தாலும், மோசடித் தடைச் சட்டம் நகராட்சிகளையும் கட்டுப்படுத்தும். ஊழியர் ஓய்வூதியத்துக்கு ஒதுக்க வேண்டிய தொகையில் இருந்த பெரும் பள்ளத்தை 2002, 2003 வெளியீடுகளில் மறைத்ததாகச் சான்டியாகோ நகரத்தின்மீது 2006-ல் ஆணையம் உத்தரவு பிறப்பித்தது. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரத்தின் வழக்கு இன்னும் சுவையானது. முறையான அறிக்கைகளைத் தராமல் விட்டுவிட்ட அந்நகரத்தைப் பற்றி முதலீட்டாளர்கள் அறிந்துகொள்ள மிஞ்சியிருந்தவை வரவு செலவுத் திட்டமும் நகரத் தலைவரின் ஆண்டுச் சொற்பொழிவும்தான். அவற்றில் நிதி நிலைமையைத் திரித்துச் சொன்னதே குற்றம் என்று 2013-ல் நடவடிக்கை எடுத்தார்கள். மேடைப் பேச்சும் நிதி அறிக்கையாகலாம் என்பதை நம் ஊர்த் திறப்பு விழாக்களின் ஒலிபெருக்கிக்கு அருகே நின்று நினைத்துப் பார்த்தால் சற்றுச் சிரிப்பு வரும்.

நம் நாட்டு விதி

இந்தியாவில் செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 2015 ஜூலையில் நகராட்சிக் கடன் பத்திரங்களுக்கான விதிகளை வெளியிட்டது. அமெரிக்காவைப் போல இடைநிறுவனம் வழியாகச் சுற்றிவராமல், பத்திரத்தைப் பங்குச் சந்தையில் பட்டியலிடும் நகராட்சியின்மீதே கடமை நேரடியாக வைக்கப்பட்டது. கடந்த 365 நாள்களில் வங்கிக் கடனிலோ பத்திரத்திலோ தவணை தவறியிருக்கக் கூடாது. கடன்தர மதிப்பீடு பெற்றிருக்க வேண்டும். பொதுமக்களுக்கு விற்பதானால் அந்த மதிப்பீடு முதலீட்டுத் தரத்துக்குக் கீழே, அதாவது 'பிபிபி மைனஸ்' என்ற படிக்குக் கீழே, இருக்கக் கூடாது. வசூலாகும் வருவாய் முதலில் எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கில் விழுந்து, அங்கிருந்து தவணைக்கு ஒதுக்கியது போகத்தான் நகராட்சியின் கைக்கு வரும். பட்டியலிட்ட பிறகு அரையாண்டுக் கணக்கும் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கும் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். வட்டியோ அசலோ தாமதமானாலும் மதிப்பீடு மாறினாலும் அறிவிக்க வேண்டும்.

இவ்விதிகளின் கீழ் முதலில் வந்தது புனே மாநகராட்சி. 2017 ஜூனில் குடிநீர்த் திட்டத்துக்காக 200 கோடி ரூபாயை 7.59 சதவீத வட்டியில் திரட்டியது. இந்தூர் மாநகராட்சி 2023 பிப்ரவரியில், குடிநீர் ஏற்றும் செலவைக் குறைக்கச் சூரிய மின்நிலையம் அமைப்பதற்காக 244 கோடி ரூபாய்ப் பத்திரத்தைத் தனிநபர்களும் வாங்கும்படி பொது வெளியீடாகவே கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் பெருநகர சென்னை மாநகராட்சி 2025-ல் கொசஸ்தலையாற்றுப் பகுதி மழைநீர் வடிகால் பணிகளுக்காக 200 கோடி ரூபாய் திரட்டிப் பட்டியலிட்டது.

பார்த்தால் எல்லாம் மாநகராட்சிகள். ராமநாதபுரம், ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகளோ மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகளோ தனியாக இந்தச் சந்தைக்குப் போவது எளிதன்று. 20 இலட்சம் வெளியீட்டுச் செலவு என்பது 200 கோடிக்குத் தூசு. பத்துக் கோடிக்கு அரை சதவீத வட்டி. சிறிய ஊர்களுக்கான வழி, தோணி இல்லாதவர்கள் கூட்டாகத் தோணி வாங்குவதைப் போன்ற தொகுப்புக் கடன்தான். தமிழ்நாடு அதை முன்பே செய்துகாட்டியிருக்கிறது. 2002-ல் உருவாக்கப்பட்ட குடிநீர், துப்புரவுத் தொகுப்பு நிதியம், பத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர ஊர்களின் திட்டங்களைச் சேர்த்துக் கட்டிச் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. அசலில் பாதிக்கு, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்த யூஎஸ்எய்டு உத்தரவாதம் கொடுத்தது. ஓர் ஊர் தவணை தவறினால், மாநிலம் அவ்வூருக்குத் தர வேண்டிய நிதிப் பகிர்விலிருந்தே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது.

தொகுப்புக் கடனில் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சந்தைக்கு அறிக்கை தருவது நிதியம். ஊர்கள் நிதியத்துக்குத்தான் கணக்குத் தருகின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஊரின் நிலைமை, மொத்தத் தொகுப்பின் சராசரிக்குள் மறைந்துகொள்ள இடமிருக்கிறது. பிடித்தம் தானாக நடப்பதால் கடன் கொடுத்தவருக்குத் தவணை தவறாமல் போகும். ஊருக்கு வர வேண்டிய பணம் குறைந்திருப்பது தெருவிளக்கு எரியாதபோதுதான் ஊராருக்குத் தெரியவரும். அந்த ஊரின் பங்கு எவ்வளவு, இதுவரை எவ்வளவு பிடிக்கப்பட்டது என்ற இரண்டு எண்களைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

கேட்பு, வசூல், நிலுவை

எந்த வகைக் கடனாக இருந்தாலும், நகராட்சியின் உடல்நிலையைக் காட்டும் நாடி ஒன்றுதான். அலுவலகத்தில் 'கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல்' என்பார்கள். சொத்து வரியாக இவ்வாண்டு கேட்க வேண்டியது எவ்வளவு, பழைய பாக்கி எவ்வளவு, வந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று நான்கு பத்திகளில் இருக்கும். நடப்புக் கேட்பு 4 கோடி, பழைய நிலுவை 2 கோடி, மொத்த வசூல் 3 கோடியே 90 இலட்சம் என்று ஒரு பட்டியல் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நடப்புக் கேட்போடு மட்டும் ஒப்பிட்டு 97.5 சதவீத வசூல் என்று அறிவிக்கலாம். மொத்தக் கேட்பான 6 கோடியோடு ஒப்பிட்டால் 65 சதவீதம்தான். இரண்டும் கணக்குப்படி சரி. எந்தக் கீழ்த்தொகையால் வகுத்தார்கள் என்பதைச் சொல்வதே வெளிப்படைத்தன்மை. கடன்தர மதிப்பீட்டு நிறுவனத்தார் வந்தவுடன் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையோரத்து அலுவலகம் ஒன்றில் ஐந்தாண்டுப் பட்டியலைப் பார்க்கக் கேட்டேன். மூன்று ஆண்டுக்கு உரியது கிடைத்தது; ஓராண்டுக்கு உரியது தணிக்கையில் இருப்பதாகச் சொன்னார்கள்; மீதி ஓராண்டுப் பட்டியலில் பழைய நிலுவை, முந்தைய ஆண்டின் முடிவு நிலுவையோடு பொருந்தவில்லை. பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, இதெல்லாம் யாரும் கேக்கிறதே இல்ல, நீங்கதான் கேக்குறீங்க" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. கேட்க ஆள் இல்லாத கணக்கு அப்படித்தான் இருக்கும்.

உப்பும் புயலும் தூக்குப் பாலமும்

வெளியீட்டு ஆவணத்தில் 'இடர்க் காரணிகள்' என்றொரு பகுதி இருக்கும். பெரும்பாலும் எல்லா ஆவணங்களிலும் ஒரே வாசகங்கள் படியெடுத்து ஒட்டப்பட்டிருக்கும்; வழக்கறிஞர்களின் தற்காப்பு என்று அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் கடற்கரை ஊர் ஒன்றின் பத்திரத்தில் அந்தப் பகுதிதான் உயிர்நாடியாக இருக்க வேண்டும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி என்ற ஊர் புயலில் அழிந்த மாவட்டம் இது. இங்கே 15 ஆண்டுக் கடனில் கட்டப்படும் ஒரு நீரேற்று நிலையம் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில், தரைமட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, காப்பீடு உண்டா, உப்புக்காற்றில் இரும்புக் குழாயும் கம்பியும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டார்கள் என்பவையெல்லாம் அங்கே எழுதப்பட வேண்டும். கடன் முடியுமுன் சொத்து முடிந்துவிட்டால், இல்லாத நிலையத்துக்கு ஊர் தவணை கட்டிக்கொண்டிருக்கும்.

வருவாயும் இங்கே பருவத்தோடு ஏறி இறங்குவது. ஆடி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. தடைக்காலத்தில் மீனவர் வீடுகளில் கையில் காசு இருக்காது. வாகன நிறுத்தக் கட்டணத்தை ஈடாக வைத்து வருவாய்ப் பத்திரம் வெளியிடும் ஊர், எந்த மாதத்தில் தவணை வைக்கிறது என்பதையும், ஆண்டு மொத்தத்தை மட்டும் காட்டாமல் மாதவாரி வசூலையும் காட்டினால்தான் கடன் கொடுப்பவருக்கு நிலைமை புரியும்.

நிகழ்வு அறிவிப்பு என்றால் என்ன என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை இரண்டு ஆண்டுக்கும் மேலாக இராமேசுவரம் தீவுக்கு இரயில் வரவில்லை. சாலைப் பாலம் இருந்ததால் பேருந்தும் காரும் வந்தன. யாத்திரீகர் வருகையை நம்பிய ஒரு பத்திரம் அப்போது நடப்பில் இருந்திருந்தால், இதை அறிவிக்க வேண்டுமா? பாலம் நகராட்சியுடையதன்று, தவணையும் தவறவில்லை. அதனால் பட்டியலில் உள்ள எந்த இனத்திலும் நேராகப் பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் இன்றைய விலைக்கு விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்க இச்செய்தி உதவுமானால் அறிவித்துவிட வேண்டும் என்பதே சரியான அளவுகோல். இரயில் நின்றதால் கட்டண வசூல் குறைந்ததா, அல்லது காரில் வருவோர் கூடியதால் வாகன நிறுத்த வசூல் உயர்ந்ததா என்பதையும் அதே அறிவிப்பில் எண்களோடு சொல்லிவிட்டால், வதந்திக்கு வேலை இருக்காது.

எங்கே பார்ப்பது, எப்படிக் கேட்பது

பட்டியலிடப்பட்ட பத்திரமானால், தேசியப் பங்குச் சந்தை அல்லது மும்பைப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்த மாநகராட்சியின் பெயரைத் தேடினாலே வெளியீட்டு ஆவணமும் அறிவிப்புகளும் கிடைக்கும். சென்னைப் பத்திரத்தின் ஆவணத்தை ஒரு முறை பொறுமையாகப் புரட்டுவது, மற்ற ஊர்க் கணக்குகளைப் படிப்பதற்கு நல்ல பயிற்சி.

நம் கரையோர நகராட்சிகளுக்குச் சந்தைப் பத்திரம் இல்லையென்றாலும் கடன் உண்டு. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்றவற்றின் வழியே திட்டங்களுக்கு நிதி வருகிறது. அக்கடன்களுக்குப் பங்குச் சந்தை அறிக்கை கிடையாது. ஆனால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 4-வது பிரிவின்படி, வரவு செலவு உள்ளிட்டவற்றை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். "கடன் விவரம் தருக" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். கடன் ஒப்பந்தத்தின் நகல், மன்றத் தீர்மானத்தின் எண்ணும் நாளும், ஆண்டுவாரியான அசல் வட்டி அட்டவணை, இதுவரை கட்டியதும் பிடித்ததும், கடந்த ஐந்தாண்டு கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வோராண்டுப் பட்டியலின் முடிவு நிலுவையும் அடுத்த ஆண்டின் தொடக்க நிலுவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு பென்சிலால் கோடிட்டுப் பார்ப்பது.